நாலு செகண்ட்!

''மெட்ராஸ் சாப்பர்ஸ்னா என்ன சார், மிலிட்டரியில சாப்பாட்டு செக்‌ஷனா?'' என்றார், குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் நெய்வேலிக்கு வேலைக்குப் போகும் நண்பர்.

அடப்பாவமே! எதிரியின் கோட்டையை நெருங்கப் பள்ளம் தோண்டிக்கொண்டே போகிறவன்தான் சாப்பர். சுரங்கம் வெட்டுவது, பாலம் போடுவது, புதைத்த கண்ணிவெடியைக் கிளறி எடுப்பது... எல்லாம் அவன் தலையில்தான்!

''தோண்டுறதுன்னா நம்ம ஆளுங்க சார்!'' நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நம்ம ஆள்தான். சுபேதார் சுப்பிரமணியன். அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போனார். ஜெர்மன்காரன் அந்தப் போரில் புதைத்த 'எஸ்' ரக வெடி ரொம்பப் பொல்லாதது. மிதித்தவுடன் வெடிக்காது. ஏறக்குறைய நாலு செகண்ட் பொறுத்து, இடுப்பு உயரம் துள்ளி, சுமார் 350 இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் வீசும்.

''நாலு செகண்டா? நம்ம ஆபீஸ்ல ஃபைலைத் திறக்கவே நாலு நாளாகுமே!''

1944 பிப்ரவரி 24. மிக்னானோ பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை. ஒரு வெடி கிளம்பிவிட்டது. சுப்பிரமணியன் விலகி ஓடவில்லை. அதன் மேலேயே குப்புற விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

நண்பர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

''கல்யாணமானவரா சார்?''

எனக்கும் அதைத்தான் கேட்கத் தோன்றியது. 1944-ல் 'ஜார்ஜ் கிராஸ்' பதக்கம் அறிவித்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.