தகப்பனார் விட்டுப்போன வீடு! விற்றால் வரி எவ்வளவு?

தென்பெண்ணை ஆற்றின் நடுவே ஒரு பாறை. அதன் பெயர் கபிலர் குன்று. திருக்கோவிலூருக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

பறம்பு மலையை ஆண்ட பாரி வள்ளல் இறந்தான். அவனுடைய மலையை மூவேந்தர்கள் எடுத்துக் கொண்டார்கள். பெற்ற மகள்கள் வெறுங்கையோடு நின்றார்கள். தகப்பனின் நண்பரான கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு மணம் முடித்துக் கொடுத்துவிட்டுத் தீயில் இறங்கினார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோவில் கல்வெட்டு சொல்கிறது.

அன்று அப்பாவின் மலை மகளுக்குக் கிடைக்கவில்லை. இன்று அப்பாவின் வீடு மகளுக்கும் உண்டு. அதை விற்றால் என்ன ஆகும்? சர்க்காருக்கு வரி கட்ட வேண்டுமா? இதோ விவரம்.

சாவுக்கு வரி இருந்தது!

ஒருவர் இறந்தால், அவர் விட்டுப்போன சொத்துக்கு வரி போடும் சட்டம் நம் நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 15-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. பெரிய சொத்துகளுக்கு, மேல்மட்டத்தில் 85 சதவிகிதம் வரை கூட வரி ஏறியது. பிரேத வீட்டில் அழுகை ஓயும் முன்பே கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த வரி இப்போது இல்லை. 1985 மார்ச் 16-ந் தேதி முதல் நேர்ந்த மரணங்களுக்கு அது ரத்து ஆகிவிட்டது. ஆகவே, தகப்பனார் சொத்து உங்கள் கைக்கு வருவதற்கு வருமான வரி கிடையாது. ஒரு காசும் இல்லை.

ஆனால், அந்தச் சொத்தை விற்றால் கதை வேறு!

பாகம் யாருக்கு?

திருக்கோவிலூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் 1980-ம் ஆண்டு தம் சம்பாத்தியத்தில் ஒரு வீடு வாங்கினார். 2019-ல் இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. தாயார், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மகளுக்கு எப்போதோ கலியாணம் ஆகிவிட்டது.

"கலியாணத்தில் நகை போட்டோமே! தங்கைக்கு எதற்குப் பங்கு?" என்று அண்ணன் கேட்கிறான்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டப்படி, மூவருக்கும் சமபாகம். கலியாணம் ஆனாலும் மகள் மகள்தான். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே உரிமை உண்டு என்று 2005-ம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு. ஆனால் வரிக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றே.

தங்கை மனம் ஒப்பித் தன் பாகத்தை விட்டுக்கொடுக்கலாம். அது அவள் இஷ்டம். ஆனால், "சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டப்படும் காகிதம் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது!

லாபம் என்பது எது?

வீடு 2025 ஆகஸ்டில் 30 லட்சம் ரூபாய்க்கு விலை போகிறது. "நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லையே, முப்பது லட்சமும் லாபமா?" என்று தாயார் பயப்படுகிறார்.

பயம் வேண்டாம். தகப்பனார் கொடுத்த விலையே பிள்ளைகளின் விலையாகவும் கணக்கிடப்படும். அவர் வைத்திருந்த வருஷங்களும் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தானால், அந்தத் தேதியில் இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்நாளைய வழிகாட்டு மதிப்புக்கு மேல் போகக் கூடாது.

அந்த மதிப்பு 3 லட்சம் என்று வையுங்கள். லாபம் 27 லட்சம். ஆளுக்கு 9 லட்சம். வரி 12½ சதவிகிதம். ஆளுக்கு 1,12,500 ரூபாய். இதற்கு மேல் 4 சதவிகிதம் தீர்வை.

இரண்டு கணக்கு, குறைந்தது எது?

2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த வீடு, மனைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விலைவாசி ஏறியதற்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்தி, மீதிக்கு 20 சதவிகிதம் வரி. 2001-ல் 100 ரூபாய் என்றால் 2025-26-ல் அது 376 ரூபாய். ஆகவே 3 லட்சம், 11,28,000 ஆகிறது. லாபம் 18,72,000. ஆளுக்கு வரி 1,24,800. இங்கே முதல் கணக்கே லாபம்.

2001-ம் ஆண்டு மதிப்பு 6 லட்சமாக இருந்தால்? முதல் கணக்கில் ஆளுக்கு ஒரு லட்சம் வரி. இரண்டாம் கணக்கில் 49,600 மட்டுமே! பாதிக்குப் பாதி மிச்சம். இரண்டையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். வேறு வருமானம் இல்லாத தாயாருக்கு வருமான வரி விலக்கு வரம்பும் கழியும். அவர் வரி இன்னும் குறையும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறினாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

வயலுக்கு வரி உண்டா?

கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் இந்த வரி கிடையாது. ஆனால் தூரம் பார்க்க வேண்டும். ஜனத்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சத்துக்குள் உள்ள திருக்கோவிலூர் போன்ற ஊரானால், நகர எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். சாலை வழித் தூரம் அல்ல. காக்கை பறக்கும் தூரம்!

வரி மிச்சம் பிடிக்க நேர்வழி

விற்ற வீட்டின் லாபத்தில் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருஷத்துக்குள் கட்டினால், அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு. வீடு வேண்டாம் என்பவர்கள், ஆறு மாதத்துக்குள் அதற்கென உள்ள சர்க்கார் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருஷம் எடுக்கக் கூடாது.

குறுக்கு வழி ஆபத்து! "பத்திரத்தில் பாதி, கையில் பாதி" என்று பேசுகிறவர்கள் உண்டு. வழிகாட்டு மதிப்பை விடப் பத்து சதவிகிதத்துக்கு மேல் குறைத்து எழுதினாலும், வழிகாட்டு மதிப்புக்கே வரி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம்.

முதலில் செய்ய வேண்டியவை

இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வில்லங்கச் சான்றிதழ் - இந்த நான்கும் கையில் இருக்கட்டும். தகப்பனாரின் பழைய கிரயப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். பணத்தை அவரவர் பாங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். அவரவர் பாகத்துக்கு அவரவரே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அண்ணன் கட்டிவிட்டான் என்று தங்கை சும்மா இருக்க முடியாது.

திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் மூன்றடியில் உலகையே அளந்து நிற்கிறார். மனிதர்களுக்கு வேண்டியது அவரவர் பாகம்தான். அதைச் சரியாக அளந்து கொடுத்தால் வீடு போனாலும் உறவு போகாது!