வீட்டிலேயே சிகார் சுற்றினால் காசு மிச்சமா? ஒரு சிஏ போட்ட கணக்கு



"கடையில் 500 ரூபாய்க்கு விற்கிற சிகாரை வீட்டிலேயே 50 ரூபாய்க்குச் சுற்றிடலாம் சார்." இந்தக் கணக்கோடு வந்தார் ஒரு க்ளையண்ட். வயசு 29, ஐடி வேலை, மாசம் கையில் வருவது 60,000 ரூபாய். ஹாபியும் ஆச்சு, செலவும் மிச்சம், கை நல்லா பழகினா சைடு இன்கம். ஒரே கல்லில் மூணு மாங்காய்! நான் புகை பிடிக்கிற ஆள் இல்லை. ஆனா கணக்குன்னு வந்துட்டா விட முடியாதே, உட்கார்ந்து பார்த்தோம்.

வேலை என்ன?

சிகாருக்கு மூணு விதமான இலை வேணும். உள்ளே நிரப்புவது ஒன்று, அதை இறுக்கிக் கட்டுவது ஒன்று, மேலே போர்த்துவது ஒன்று. இலையை லேசா ஈரப்படுத்தி, துணி மாதிரி மடங்குற பதத்துக்குக் கொண்டு வரணும். நடு நரம்பை உரிச்சு எடுக்கணும். உள் இலைகளை விசிறி மாதிரி மடிச்சு அடுக்கினால்தான் காற்று போக வழி இருக்கும். அதைக் கட்டு இலையில் சுற்றி, மர அச்சில் வைத்து அழுத்தி, கடைசியா மேல் இலையைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய், தலைப்பக்கத்தை ஒரு துளி இயற்கைப் பசையால் ஒட்டணும். இறுக்கம் கூடினால் புகை வராது. குறைஞ்சா சூடா எரிஞ்சு சீக்கிரம் தீர்ந்துடும். இந்த இறுக்கத்தை வீடியோ பார்த்துக் கத்துக்க முடியாது, விரலுக்குத்தான் தெரியணும். பிரிச்சுப் பிரிச்சு மறுபடி சுற்றிப் பழகினேன்னு சொன்னார் நம்ம ஆள்.

இது நமக்கு அந்நியமான தொழிலும் இல்லை. ஆங்கிலத்தில் 'சிரூட்' என்கிற வார்த்தையே நம்ம 'சுருட்டு'தான். ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் நாவலிலேயே, 1887-ல், சாம்பலை வைத்து இது திருச்சி சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். உறையூரில் சுருட்டு சுற்றியவர்களுக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்குதான். அதனால் கையின் வேகம்தான் அவர்கள் வருமானம். இதை மனசில் வைங்க, விற்பனைக் கணக்கில் தேவைப்படும்.

செலவுக் கணக்கு

இலை கிலோ 2,500 ரூபாய் என்று வைப்போம். நரம்பு, வெட்டுத்துண்டு எல்லாம் கால் பங்கு கழிவு. மிச்சம் 750 கிராம். சிகார் ஒன்றுக்கு 15 கிராம்னா 50 சிகார். ஒன்று 50 ரூபாய். அவர் சொன்னது சரிதான்.

அச்சு, பலகை, கத்தி, பெட்டிக்கு 6,000 ரூபாய். ஒரு சிகாரில் 450 மிச்சம்னா 14-வது சிகாரில் முதலீடு திரும்பிடும். மாசம் ரெண்டு பிடிக்கிறவருக்கு ஏழு மாசம். ஆரம்பத்தில் சொதப்பியவற்றைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நம்ம ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணம் வரும், புகையிலை வண்டு வரும். சமையலறையில் மஞ்சள், மல்லியைத் துளைக்கிற அதே வண்டுதான். இலையை மூடிக் கட்டி சில நாள் ஃப்ரீசரில் வைத்தால் அதன் முட்டைகள் செத்துடும், அம்மா சம்மதிச்சா! குழந்தை இருக்கிற வீட்டில் இலையைப் பூட்டி வைக்கணும். அதைத் தின்றால் நிக்கோட்டின் விஷமாகும்.

கூலி? அவர் சம்பளத்தை மாசம் 200 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 300 ரூபாய். ஒரு சிகாருக்கு முக்கால் மணி நேரம், அதாவது 225 ரூபாய். சிலர் இதையும் செலவில் சேர்ப்பாங்க. நான் சேர்க்க மாட்டேன். பொழுதுபோக்குக்குக் கூலி போட ஆரம்பிச்சா கிரிக்கெட் கூட பார்க்க முடியாது.

இனிமேதான் விஷயம். மூணு மாசம் கழிச்சு இப்போ எத்தனைன்னு கேட்டேன். வாரத்துக்கு அஞ்சு. முன்னாடி மாசம் 2 சிகார், தலா 500, மொத்தம் 1,000. இப்போ மாசம் 20, தலா 50, மொத்தம் அதே 1,000. ஒரு ரூபாய் மிச்சமில்லை, புகையிலை மட்டும் பத்து மடங்கு. பெட்டி நிறைய சரக்கு வீட்டிலேயே இருந்தால் கை சும்மா இருக்குமா? புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்வதும் தப்பு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு சிகாரும் காரணம்தான்.

விற்றால்?

சுருக்கமா சொல்றேன், வேண்டாம். 2003-ல் வந்த கோட்பா சட்டத்தில் சிகாரும் சுருட்டும் அடங்கும். பாக்கெட்டில் 85% இடத்துக்கு எச்சரிக்கைப் படம் வேணும். விளம்பரம் கூடாது, அதனால் இன்ஸ்டாகிராமில் "ஆர்டருக்கு டிஎம் பண்ணுங்க"ன்னு ரீல் போட்டாலே சிக்கல். ஜிஎஸ்டி 40%, கலால் வரி தனி. புகையிலைப் பொருள் தயாரிப்பவருக்கு காம்போசிஷன் திட்டம் கிடையாது. மற்ற சரக்குக்குக் கிடைக்கிற 40 லட்சம் வரம்பும் கிடையாது. இத்தனையும் தாண்டி, நாள் முழுக்க இதையே செய்கிற கைகளோடு நீங்க முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று சுற்றிப் போட்டி போடணும்.

டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கே!

அவர் எக்செல்லில் இல்லாத வரி இது. ப்ரொபோசல் ஃபார்மில் புகையிலை பயன்படுத்துறீங்களான்னு கேட்பாங்க. "எப்போதாவது சார், அதுவும் ஹாபி" என்றாலும் பதில் 'ஆம்'தான். அதே வயசு, அதே கவரேஜுக்கு 'ஆம்' போட்டு ஒரு க்வோட், 'இல்லை' போட்டு ஒரு க்வோட் எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு 7,000 ரூபாய் வித்தியாசம் வந்ததுன்னு வைங்க. மாசம் ரெண்டு, வருஷத்துக்கு 24 சிகார். ஒன்றுக்கு சுமார் 292 ரூபாய் கூடும். அப்போ உங்க 50 ரூபாய் சிகாரின் நிஜ விலை 342. (அதிகமா பிடிச்சா ஒன்றுக்கான விலை குறையுமேன்னு கேட்காதீங்க. கணக்குப்படி சரிதான், அதுதான் கொடுமை.)

'இல்லை'ன்னு போட்டுட்டா யாருக்குத் தெரியும்? மெடிக்கல் டெஸ்டில் கோட்டினின் காட்டிக் கொடுக்கும். டெஸ்டில் தப்பிச்சாலும், இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி முதல் மூணு வருஷத்துக்குள் கம்பெனி உங்க பதில்களைக் கேள்வி கேட்டு க்ளைமை நிராகரிக்கலாம். அப்போ பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் 'சிகார் பழக்கம் உண்டு' என்று எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு அலைய வேண்டியது உங்க மனைவி அல்லது அம்மா.

பாலிசி எடுத்த பிறகு பழக்கம் ஆரம்பிச்சிருந்தால், பாலிசி ஆவணத்தில் தெரிவிக்கச் சொல்லியிருக்கான்னு படிங்க. லாப்ஸ் ஆனதைப் புதுப்பிக்கும்போதும் கவரேஜ் கூட்டும்போதும் அநேகமா மறுபடி கேட்பாங்க. ஏற்கெனவே 'இல்லை'ன்னு தப்பா போட்டவங்க இந்த வாரமே கம்பெனிக்கு மெயில் எழுதி, திருத்தச் சொல்லி, கூடுதல் ப்ரீமியம் கட்டுங்க. பதில் மெயிலைப் பிரிண்ட் எடுத்து பாலிசியோடு வைங்க. அது எங்கே இருக்குன்னு நாமினிக்கும் சொல்லிடுங்க.