வெள்ளிமலைக்கும் ஒரு படிக்கட்டு

பருவத்தின் முடிவில் முதலிடம் பெறும் கால்பந்து அணி மேல் பிரிவுக்கு உயர்வதும், கடைசியில் நிற்கும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதும் ஏற்ற இறக்க முறை எனப்படும். இங்கிலாந்தில் 1892-இல் இரண்டாம் பிரிவு தொடங்கியபின் வேரூன்றிய இம்முறை, சிற்றூர் அணிக்கும் உச்சிக்குச் செல்லும் உரிமையை அளிக்கிறது.

2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் இந்த வழியை நெடுங்காலம் அடைத்தே வைத்திருந்தது. 2018-19 பருவத்தில் கோயம்புத்தூரைத் தன் களமாகக் கொண்டு ஆடி மற்றொரு தேசியப் போட்டியான ஐ-லீக்கின் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணிக்கு அந்த வெற்றியால் சூப்பர் லீக்கில் இடம் கிடைக்கவில்லை என்பது தமிழகக் கால்பந்துக்கு நேர்ந்த பெரும் அநீதியாகும். 2022-23 பருவத்தில் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் அணியே ஆட்டத்திறனால் முதன்முதலில் உயர்வு பெற்றது. அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் உயர்ந்தது. ஆயினும் 2024-25 பருவம் முடியும்வரை எந்த அணியும் கீழிறக்கப்படவில்லை.

2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் இம்முறையைக் கற்பனை செய்யலாம்: கல்வராயன் மலையின் வெள்ளிமலை அணி மாவட்ட இரண்டாம் பிரிவில் வென்று, சங்கராபுரம், சின்னசேலம் அணிகளுடன் முதல் பிரிவில் மோதி, அங்கும் வென்றால் மாநில லீக்கை எட்டும். மலைப்பாதைப் பயணச் செலவை அணியே சுமக்க நேர்ந்தால் உயர்வே தண்டனையாகிவிடும் என்பதால், அச்செலவைப் போட்டி அமைப்பே ஏற்க வேண்டும். இறங்கும் அணிக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சில ஆண்டுகள் வழங்கும் ஈட்டுத்தொகை, பிரிவு மாறும் அணியின் பணச்சுமையைப் போட்டி அமைப்பே பகிர்வதற்கு நல்ல முன்மாதிரி.