விசை முதல் எழுத்து வரை

நுழையும்முன்

திரையில் ஒரு சிறு பெட்டி. அதன் ஓரத்தில் ‘பெயர்’ என்னும் சொல். உள்ளே விட்டுவிட்டு ஒளிரும் ஒரு சிறு கோடு. விண்ணப்பம் நிரப்புவோர் எவரும் நின்று பார்க்காத காட்சி இது. விரல் விசையைத் தொடுகிறது. எழுத்து திரையில் தோன்றுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கணத்தில் கணினிக்குள் பல செயல்கள் நிகழ்கின்றன. அவற்றை முறையாகக் கையாளும் நிரல், எந்த மொழிக்காரரையும் தம் பெயரைத் தம் மொழியில் எழுதவிடுகிறது. கையாளத் தவறும் நிரலோ பெயரையே சிதைத்துவிடுகிறது.

தாளும் திரையும்

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தவர். அத்தகைய இயந்திரத்தில் விசைக்கும் எழுத்திற்கும் உள்ள தொடர்பு நேரடியானது. விசையை அழுத்தினால் அதனுடன் இணைந்த உலோக அச்சு மைநாடாவின்மீது மோதும். தாளில் வடிவம் பதியும். இன்ன விசைக்கு இன்ன வடிவம் என்பது இரும்பிலேயே எழுதப்பட்ட விதி.

கணினியில் அத்தகைய இணைப்பு எதுவும் இல்லை. விசைப்பலகை அனுப்புவது எழுத்தை அன்று. ‘இன்ன இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது’, ‘இன்ன விசை விடுபட்டது’ என்னும் செய்திகளை மட்டுமே. அந்த இடத்திற்கு உரிய எழுத்து எது என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள். ஆங்கில விசைப்பலகையில் கியூ எழுத்து இருக்கும் இடத்தில் பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ எழுத்து உள்ளது. ஒரே இடம், ஒரே மின்குறிப்பு. ஆனால் எழுத்து வேறு. விசை வேறு, எழுத்து வேறு என்னும் இவ்வுண்மையே உரை உள்ளீட்டைக் கையாளும் நிரலாக்கத்தின் அடிப்படை.

காத்திருக்கும் நிரல்

தொடக்ககாலக் கணினி நிரல்கள் பலவும் தாமே வரிசையை வகுத்தன. முதலில் பெயரைக் கேட்கும். விடை வந்தபின் வயதைக் கேட்கும். பயனர் அவ்வரிசையில்தான் விடையளிக்க இயலும். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான ஆல்டோ கணினியில் சாளரங்களும் சுட்டியும் ஒருசேர இயங்கின. 1984இல் வெளிவந்த மெக்கின்டோஷும் 1985இல் வெளிவந்த விண்டோஸும் அம்முறையை மேசைக் கணினிகளில் பரவலாக்கின. வரிசையை வகுக்கும் உரிமை நிரலிடமிருந்து பயனரின் கைக்கு மாறியது.

வரைகலைப் பயனர் இடைமுகத்தில் நிரல் காத்திருக்கிறது. சுட்டியின் சொடுக்கு, விசையின் அழுத்தம், சாளரத்தின் அசைவு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு ‘நிகழ்வு’. இயக்க அமைப்பு இந்நிகழ்வுகளை வரிசையில் நிறுத்துகிறது. நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு உரிய செயற்கூறிடம் ஒப்படைக்கிறது. பின்னர் அடுத்த நிகழ்விற்காக மீண்டும் காத்திருக்கிறது. இதுவே நிகழ்வுச் சுழற்சி. அஞ்சல் நிலையத்தில் வந்து சேரும் மடல்களைப் பிரித்து உரிய முகவரிக்கு அனுப்பும் பணியை இதற்கு ஒப்பிடலாம். விசைப்பலகை நிகழ்வுகளுக்கு முகவரியாக அமைவது, இடஞ்சுட்டி ஒளிரும் உரைப்பெட்டி.

மூவகை நிகழ்வுகள்

உரைப்பெட்டியொன்றில் ஒருவர் எழுதும்பொழுது மூவகை நிகழ்வுகள் தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்தறிவது நிரலாளரின் முதற்கடமை.

முதலாவது விசை நிகழ்வு. எந்த விசை அழுத்தப்பட்டது, எது விடுபட்டது, உடன் கன்ட்ரோல் அல்லது ஷிப்ட் அழுத்தப்பட்டிருந்ததா என்பவற்றை மட்டும் இது தெரிவிக்கும். நகலெடுத்தல், சேமித்தல் போன்ற குறுக்குவழிகளுக்கும், அம்புக்குறி விசைகளுக்கும், விளையாட்டு நிரல்களுக்கும் இதுவே ஏற்றது.

இரண்டாவது உரை நிகழ்வு. விசைகளின் விளைவாக உருவான எழுத்தை இது தெரிவிக்கும். விண்டோஸ் இயக்க அமைப்பில் விசை அழுத்தத்திற்கு ஒரு செய்தியும் எழுத்திற்கு வேறொரு செய்தியும் உண்டு. முன்னதிலிருந்து பின்னதை உருவாக்க நிகழ்வுச் சுழற்சியினுள் தனியே ஒரு செயற்கூறு அழைக்கப்படுகிறது. ஜாவா மொழியின் ஸ்விங் தொகுப்பும் ‘விசை அழுத்தப்பட்டது’, ‘எழுத்து தட்டச்சானது’, ‘விசை விடுபட்டது’ என மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது.

மூன்றாவது மாற்ற நிகழ்வு. பெட்டியிலுள்ள உரை எவ்வழியில் மாறினாலும் இது தோன்றும். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினாலும், குரல்வழி உள்ளீடு செய்தாலும் எழுத்துக்கு எழுத்து விசை அழுத்தப்படுவதில்லை. எனினும் உரை மாறுகிறது. விசை நிகழ்வை மட்டும் நம்பி உரையைச் சரிபார்க்கும் நிரல், முன்வாயிலில் காவல் நிறுத்திப் பின்வாயிலைத் திறந்துவைத்த வீட்டிற்கு ஒப்பாகும்.

நான்கு, ஐந்து, மூன்று

‘அம்மா’ என்னும் சொல்லைத் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுவதை எடுத்துக்கொள்வோம். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை இது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்களுக்குரிய அகரமேறிய எழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளை அழுத்தினால் ‘அம்மா’ உருவாகிவிடும். ஒரே எழுத்து அடுத்தடுத்து இருமுறை வந்தால் முதல் எழுத்திற்குப் புள்ளி தானாகவே அமையும். அகரமேறிய எழுத்தை அடுத்து உயிரின் விசை வந்தால் உயிர்மெய்யாகும்.

இச்சொல் கணினியின் நினைவகத்தில் ஒருங்குறிப்படி ஐந்து குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது: அ, ம, புள்ளி, ம, ஆகாரத்தின் துணைக்கால். படிப்பவர் கண்ணுக்கோ அ, ம், மா என மூன்றே எழுத்துகள். ஆக, விசைகள் நான்கு, குறியெண்கள் ஐந்து, எழுத்துகள் மூன்று. இரண்டாம் முறை மகர விசை அழுத்தப்பட்டபோது புள்ளி, ம என இரண்டு குறியெண்கள் பிறந்தன. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று கணக்கிடும் நிரல் இங்கே தோற்றுப்போகிறது. விசை நிகழ்வை மட்டும் படிக்கும் நிரலுக்கு இச்சொல், அவ்விசைகளின்மேல் பொறித்துள்ள ஆங்கில எழுத்துகளான ஏ, கே, கே, கியூ என்றே தென்படும்.

உருவாகும் உரை, உறுதியான உரை

விசைக்கும் உரைக்கும் இடையே நின்று இம்மாற்றத்தைச் செய்யும் மென்பொருளுக்கு உள்ளீட்டு முறை என்று பெயர். இதன் தேவையை மிகுதியாக உணர்ந்தவர்கள் கிழக்காசிய மொழியினர். ஆயிரக்கணக்கான எழுத்துருவங்களை ஒரு விசைப்பலகையில் அடக்க இயலாது. 1978இல் தோஷிபா நிறுவனம் வெளியிட்ட ஜேடபிள்யூ-10 என்னும் ஜப்பானியச் சொற்செயலி, ஒலிப்பின்படி எழுதியதைக் காஞ்சி எழுத்துகளாக மாற்றித் தந்தது. இன்றும் ஜப்பானியர் முதலில் ஒலியை எழுதுகின்றனர்; அடிக்கோடிட்ட நிலையில் அது திரையில் தோன்றும்; இடைவெளி விசையால் உரிய காஞ்சியைத் தேர்ந்து, என்டர் விசையால் உறுதிசெய்கின்றனர்.

இங்கே உரைக்கு இரண்டு நிலைகள் உள்ளன. அடிக்கோட்டுடன் நிற்பது உருவாகும் உரை. தேர்வு முடிந்தபின் நிலைப்பது உறுதியான உரை. இவ்வேறுபாட்டை அறியாமல், ‘என்டர் விசை அழுத்தப்பட்டால் செய்தியை அனுப்பு’ என்று எழுதப்பட்ட உரையாடல் நிரலில் என்ன நிகழும்? பயனர் சொல்லைத் தேர்ந்தெடுக்க என்டரை அழுத்துவார். நிரலோ முடிவுறாத செய்தியை அனுப்பிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த நிரலாளரின் கண்ணில் இப்பிழை ஒருபோதும் படாது. உரை உருவாகிக்கொண்டிருக்கும்பொழுது விசைகள் உள்ளீட்டு முறைக்கு உரியன என்பதை ஏற்று, நிரல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பெயர் சிதையும் இடங்கள்

பெயர்ப்பெட்டியில் எண்களும் குறிகளும் வரக்கூடாது. எழுத்துகளை மட்டும் ஏற்க வேண்டும் என்று ஒரு நிரலாளர் முடிவுசெய்கிறார். நோக்கம் நன்று. ஆனால் ஒருங்குறியில் ம, ண போன்றவை ‘எழுத்து’ என்னும் வகையிலும், புள்ளியும் கொம்பும் துணைக்காலும் ‘குறி’ என்னும் வகையிலும் அடங்கும். பைத்தான் மொழியில், ஒரு சரம் முழுவதும் எழுத்துகளால் ஆனதா என வினவும் செயற்கூறிடம் ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்தால் ‘இல்லை’ என்றே விடை வரும். எழுத்தல்லாதவற்றை நீக்கும் பெட்டியில் மணி என்பவர் ‘மண’ ஆவார்; வள்ளி ‘வளள’ ஆவார்.

அடுத்தது நீளத்தின் அளவு. பெயருக்குப் பன்னிரண்டு இடங்கள் எனப் பெட்டி வரையறுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். திருநாவுக்கரசு என்னும் பெயரில் தி, ரு, நா, வு, க், க, ர, சு என எட்டு எழுத்துகளே உள்ளன. ஆயினும் குறியெண்களோ பதினான்கு. பெட்டி குறியெண்களை எண்ணினால் பெயர் ‘திருநாவுக்கர’ என்று அறுபட்டு நிற்கும். பதின்மூன்று இடங்கள் தந்தாலோ இறுதி உகரம் உதிர்ந்து ‘திருநாவுக்கரச’ என்றாகும். அது சான்றிதழில் அச்சாகிவிட்டால், நிரலின் பிழைக்கு மாணவர் அலைய நேரும்.

மூன்றாவது, ஒப்பிடுதல். ‘கோமதி’ என்பதன் முதலெழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியும் என இரு குறியெண்களாகவும், ககரம், ஏகாரக் குறி, துணைக்கால் என மூன்று குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நினைவகத்தில் அவை வெவ்வேறு. ஒருவகையில் பதிவான பெயரை மற்றொரு வகையில் தேடினால், பட்டியலில் இருக்கும் கோமதி ‘இல்லை’ என்றாகிவிடுவார். ஒருங்குறி வகுத்துள்ள சீராக்க விதிகளின்படி இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணர்ந்தபின் ஒப்பிடுவதே முறை.

தெரிந்து தெளிவோம்

ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண்கள் இல்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றின் சேர்க்கையாலேயே எழுத்துகள் உருவாகின்றன. இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். எனவே ‘அம்மா’ என்னும் சொல்லுக்கு 15 பைட்டுகள் தேவை.

தன்னையே அழைக்கும் நிகழ்வு

மாற்ற நிகழ்வைக் கையாளும்போது வேறோர் இடர் உண்டு. தொகையை எழுதும் பெட்டியில் ஆயிரத்திற்கு ஒரு காற்புள்ளி தானாக இட வேண்டும் என்று கருதி, உரை மாறியதும் அதைத் திருத்தி மீண்டும் பெட்டியில் வைக்கும் செயற்கூறு எழுதப்படுகிறது. அவ்வாறு வைப்பதும் ஒரு மாற்றமே. ஆதலால் மாற்ற நிகழ்வு மீண்டும் தோன்றும். செயற்கூறு மீண்டும் இயங்கும். திருத்தும் ஒவ்வொரு முறையும் உரை சிறிதேனும் மாறுமாயின் இச்சுழலுக்கு முடிவே இராது.

இதனைத் தவிர்க்க இடைமுகத் தொகுப்புகள் வழிவகைகளைத் தந்துள்ளன. கியூடி தொகுப்பின் ஒற்றைவரி உரைப்பெட்டியில், எவ்வகை மாற்றத்திற்கும் ஒரு குறிப்பும், பயனரே செய்த மாற்றத்திற்கு மட்டும் மற்றொரு குறிப்பும் உண்டு. பின்னதைக் கேட்டு இயங்கும் செயற்கூறு தன்னைத்தானே அழைத்துக்கொள்வதில்லை. ஸ்விங் தொகுப்போ மாற்றத்தை அறிவிக்கும் வேளையில் உரையைத் திருத்த முயன்றால் பிழை காட்டித் தடுக்கிறது. திருத்துவதற்கெனத் தனியே ஒரு வடிகட்டியைத் தருகிறது.

முறையான நிரலின் இலக்கணம்

இதுவரை கண்டவற்றிலிருந்து உரை உள்ளீட்டைக் கையாளும் நெறிகள் தெளிவாகின்றன. குறுக்குவழிகளுக்கு விசை நிகழ்வையும், எழுத்துகளைப் பெற உரை நிகழ்வையும், சரிபார்க்க மாற்ற நிகழ்வையும் பயன்படுத்த வேண்டும். உருவாகும் உரையில் தலையிடாமல் அது உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்துகளை எண்ணும்போது குறியெண்களை எண்ணாமல், படிப்போர் எழுத்தெனக் கருதும் தொகுதிகளை எண்ண வேண்டும். அத்தொகுதிகளைப் பிரிக்கும் விதிகளையும் ஒருங்குறி வகுத்துள்ளது. இடஞ்சுட்டியும் ‘கி’ என்னும் எழுத்தின் நடுவில் நில்லாமல், ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்திற்கு நகர வேண்டும்.

அழித்தலில் மட்டும் ஒரு நுட்பம் காணப்படுகிறது. ‘கி’ என எழுதியவர் ‘கீ’ எனத் திருத்த விரும்பலாம். அதனால் பல நிரல்களில் பின்னோக்கி அழிக்கும் விசை இகரக் குறியை மட்டும் நீக்கிக் ககரத்தை விட்டுவைக்கிறது. முன்னோக்கி அழிக்கும் விசை எழுத்து முழுவதையும் நீக்குகிறது. எழுதுவோரின் மனப்போக்கை அறிந்து அமைத்த வேறுபாடு இது.

இந்நெறிகள் அனைத்தையும் நிரலாளர் தாமே புதிதாக எழுத வேண்டியதில்லை. இயக்க அமைப்புகளும் இடைமுகத் தொகுப்புகளும் தரும் உரைப்பெட்டிகள் பெரும்பாலானவற்றைத் தாமே செய்துவிடுகின்றன. நிரலாளர் அவசரத்தில் விசை நிகழ்வைப் பிடித்துத் தம் விருப்பப்படி உரையைக் கட்ட முனையும் இடத்தில்தான் பிழைகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. ஆகவே, நிரல் எழுதக் கற்போர் தாம் அமைத்த முதல் உரைப்பெட்டியில் ஆங்கிலச் சொல்லோடு நின்றுவிடாமல், திருநாவுக்கரசு, வள்ளி, கோமதி என்னும் பெயர்களையும் எழுதிப் பார்த்தல் நன்று. எழுதியும் ஒட்டியும் அழித்தும் தேடியும் பார்த்தபின், இம்மூவர் பெயரும் சிதையாமல் நின்றால் அந்தப் பெட்டி பயன்பாட்டிற்கு உரியது.