வாக்குறுதி யாருக்கு? கேட்டுத் தெரிந்துகொள்வோம்



தேர்தல் வந்துவிட்டால் நம்ம ஆழ்வார்திருநகரி பக்கம் ஆட்டோவில் மைக் கட்டி வந்துவிடுவார்கள். வேட்பாளர் ஒருவர்தான். ஆனால் வயல் வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு பேச்சு, வாழை போட்டவர்களிடம் ஒரு பேச்சு, கடைவீதியில் ஒரு பேச்சு, மாதச் சம்பளக்காரர்களிடம் வேறொரு பேச்சு. இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு கஷ்டம் இருக்கிறது, அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் சொன்னதில் நம் கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்று நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வாக்குறுதிகள் இரண்டு வகை.

முதல் வகை, எல்லோருக்கும் என்று சொல்வது. 2006 தேர்தலில் கிலோ 2 ரூபாய் அரிசியும் கலர் டிவியும் சொன்னார்கள். 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தது. 2021 மே மாதம் பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. பஸ்ஸில் ஏறும்போது யாரும் வருமானச் சான்று கேட்கவில்லை. அதனால் கூலிக்காரப் பெண்ணும் கூச்சமில்லாமல் ஏற முடிந்தது. ஆனாலும் டவுன் பஸ் வராத ஊர்ப் பெண்ணுக்கு இதில் என்ன லாபம்? அதையும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, தகுதி பார்த்துக் கொடுப்பது. மகளிர் உரிமைத் தொகை மாதம் ரூ.1000, 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் இருந்தன. 2021 தேர்தலில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்றார்கள். பிறகு வந்த உத்தரவில் கூட்டுறவில் வைத்த நகைக்கு மட்டும் என்றும், மொத்தம் 40 கிராமுக்கு மேல் போனால் இல்லை என்றும் இருந்தது. பலர் ஏமாந்து போனார்கள்.

2021 பிப்ரவரியில் அறிவித்த ரூ.12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடியும் கூட்டுறவில் கடன் வாங்கியவர்களுக்குத்தான். நிலம் தன் பேரில் இல்லாமல் வாரத்துக்குப் பயிர் செய்து, வெளியில் வட்டிக்கு வாங்கிய ஏழைக்கு அது வந்து சேரவில்லை. 'விவசாயி' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், பாருங்கள்!

நம் குழுக்களுக்கும் இதே அனுபவம்தான். அதே 2021-ல் குழுக்கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். அது கூட்டுறவு நிறுவனங்களில், 2021 மார்ச் 31 அன்று பாக்கி நின்ற கடனுக்கு மட்டும். தேசிய வங்கியில் கடன் வாங்கிய குழுக்களுக்கு இல்லை. ஆகவே மேடையில் 'தள்ளுபடி' என்று கேட்டவுடன் தவணையை நிறுத்தி விடாதீர்கள். உத்தரவு வராவிட்டால் வட்டி ஏறும். குழுவின் பேர் கெடும். அடுத்த கடன் கிடைக்காது. ஒழுங்காகக் கட்டியவரும் சேர்ந்து கஷ்டப்படுவார்.

பணம் எங்கிருந்து வரும் என்பதும் முக்கியம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்றார்கள். ஆட்சிக்கு வந்த பிறகு சென்னையிலும் கோவையிலும்தான் அதைக் கொடுக்க முடிந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் சொல்லும் வாக்குறுதி சட்டப்படி லஞ்சம் ஆகாது என்று சொன்னது. ஆனால் அறிக்கைக்கு விதிமுறை வகுக்கும்படி தேர்தல் கமிஷனுக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதிக்குப் பணம் எப்படித் திரட்டுவோம் என்று கட்சிகள் அறிக்கையில் சொல்ல வேண்டும். ஓட்டுக்கு ரொக்கம் கொடுப்பதும் வாங்குவதும் எப்போதுமே குற்றம்தான்.

நம் வீதிக்கு வரும் எந்தக் கட்சி வேட்பாளரிடமும் இந்த நான்கையும் கேட்போம்:

1. இது எல்லோருக்குமா, தகுதி உண்டா? என்ன தகுதி?
2. எந்த வங்கி, எந்தத் தேதி வரைக்கும்?
3. பணம் எங்கிருந்து வரும்?
4. ஏழை, வசதியானவர் எல்லோருக்கும் பொதுவானதற்கு என்ன செய்வீர்கள்?

நாலாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தென்காலில் தண்ணீர் வந்தால் நிலம் உள்ளவருக்கு விளைச்சல், நிலம் இல்லாதவருக்குக் கூலி. 2023 டிசம்பர் வெள்ளம் மச்சு வீடு, குடிசை என்று பார்த்து வரவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கேட்ட பதிலைத் தீர்மான நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து எடுத்துப் பார்க்க உதவும். ஓட்டு யாருக்கு என்பது அவரவர் முடிவு. கேள்வி கேட்பது நம் எல்லோருக்கும் பொது!