நெல்லிக் கேண்டி மழையைத் தாங்க வேண்டுமா?

திருச்சி மணிகண்டம் பக்கத்துக் களர் நிலத்திலே எல்லாப் பயிரும் வராது. தாக்குப்பிடிக்கிற மரம் நெல்லி. ஆனால் காய் ஒரேயடியாகச் சந்தைக்கு வந்தால் பறிகூலிக்கே கட்டாது. அதையே கேண்டியாக்கினால் ஸ்ரீரங்கத்திலே சித்திரைத் தேருக்கும் விற்கலாம், மார்கழி ஏகாதசிக்கும் விற்கலாம். இடையிலே வருகிற ஐப்பசி மழையிலே பூசணம் பிடிக்காமல் இருக்கணும். அதுதான் விஷயம்.

பண்டத்தைக் கெடுப்பது பூசணமும் நொதியும். அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். காய்க்குள்ளே சீனி நிறைந்துவிட்டால் அந்தத் தண்ணீர் அவற்றுக்குக் கிடைக்காது. கேண்டியில் மொத்தச் சர்க்கரை 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி.

முற்றிய காயை 2 சத உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவுங்கள். சுளை பிரியும்வரை வேகவைத்துக் கொட்டையை நீக்குங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், காய் கறுத்துப் போகும், எவர்சில்வர் போதும்.

சுளை 1 கிலோவுக்குச் சீனி 1 கிலோ, தண்ணீர் 1 லிட்டர் வைத்துப் பாகு காய்ச்சி, ஆறியதும் சுளையைப் போடுங்கள். மறுநாள் பார்த்தால் பாகு நீர்த்திருக்கும். காயின் தண்ணீர் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பாகை மட்டும் வடித்து, சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து மறுபடி சுளையைப் போடுங்கள். இப்படியே தினமும் செய்து, சுளை ஊறிய பிறகும் பாகு 70 பிரிக்ஸ் காட்டுகிறவரை கொண்டு வரணும். இதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. கடைசிக் காய்ச்சலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் சீனி பூத்துப் போகாது.

அவசரப்பட்டு முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால் காய் சுருங்கிப் போகும். மேலே இனிப்பு, உள்ளே ஈரம். அப்புறம் புளித்துப் பொங்கி, போட்ட சீனியும் நஷ்டம்.

பிறகு பாகை வடித்து, சுளையை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, ஈ மொய்க்காமல் மூடி உலர்த்துங்கள். விரலில் ஒட்டக் கூடாது. அழுத்தினால் பாகு கசியக் கூடாது. அந்தப் பதத்திலே காற்றுப் புகாத சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள். பெரிய டின்னைத் தினம் திறந்தால் மழை ஈரம் உள்ளே போய்ப் பிசுபிசுக்கும்.

இப்படிச் செய்தது பல மாதம் தாங்கும். ஆனால் நாளாக ஆக நிறம் மங்கும், வைட்டமின் சி-யும் குறையும். அதனாலே முதலில் செய்ததை முதலில் விற்றுவிடுங்கள். புளிப்பு வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையிலே பதிவு செய்யணும். மேலும் விவரத்துக்குச் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.