அப்பா எழுதி வைத்த உயில்

பிச்சாட்டூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். ஆரணியாற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம். ஓர் ஓட்டு வீடு. பாங்கியில் கொஞ்சம் பணம். பெரியவர் இறந்து விடுகிறார். அவருக்கு மனைவி, ஒரு மகன், கட்டிக் கொடுத்த ஒரு மகள். காரியம் முடிந்த பிறகு பெட்டியில் ஒரு காகிதம் கிடைக்கிறது. அது உயில்.

தமக்குப் பின் தம் சொத்து யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதி வைப்பதே உயில். தெலுங்கில் வீலுநாமா என்பார்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளே போதும். பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை. செய்தால் நல்லது. ஆனால் எழுதியவரின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

"இதைக் கோர்ட்டில் புரொபேட் செய்யாமல் ஒன்றும் நடக்காது. செலவு நிறைய ஆகும். பணத்தைக் கொடுங்கள் அம்மா, நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று ஒருவர் வருகிறார். அம்மாள் பயந்து போகிறார். பயப்பட வேண்டுமா?

புரொபேட் என்றால் என்ன? உயிலை நீதிமன்றத்தில் காட்டி, அது உண்மையானது என்று சான்று வாங்குவது. அதற்கு மனுப் போட வேண்டும். மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். சாட்சி வந்து சொல்ல வேண்டும். யாரும் எதிர்க்காவிட்டால் சான்று கிடைக்கும். எதிர்த்தால் அது வழக்காகி விடும்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற இடங்களில் இந்துக்கள் எழுதிய உயிலுக்கு இது கட்டாயமாக இருந்தது. அந்த ஊர்களில் உள்ள வீடு, மனைக்கும் கட்டாயம். நம் பக்கத்தில் சென்னையில் மனை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் இதற்காக அலைந்தார்கள். பிச்சாட்டூர் நிலத்துக்கு அப்போதும் இந்தக் கட்டாயம் இல்லை. 2025-ஆம் ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கி விட்டது. ஆகவே வந்தவர் சொன்னது சரியல்ல. உயிலைப் பற்றிச் சண்டை வந்தால்தான் நீதிமன்றம் போக நேரிடும். அப்போது சாட்சி முக்கியம். சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது வேறு. இறந்த 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் வேலை நகராது. பிறகு தாசில்தார் அலுவலகத்தில் குடும்ப உறுப்பினர் சான்றிதழ் கேளுங்கள். நிலத்தின் பட்டாவையும் பாஸ் புத்தகத்தையும் பெயர் மாற்றவும் அங்கேதான் மனுக் கொடுக்க வேண்டும்.

பாங்கிக் கணக்கில் நாமினி பெயர் இருந்தால் பணம் அவர் கைக்கு வரும். ஆனால் அவர் வாங்கி வைப்பவர்தான். பணம் வாரிசுகளுடையது. பலர் இதைத் தவறாக நினைக்கிறார்கள்.

உயிலே இல்லை என்றால்? பெரியவர் தாமே சம்பாதித்த சொத்து, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பெரியவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பாட்டியை எல்லாரும் மறந்து விடுவார்கள்.

"மகளுக்குத்தான் சீர் செய்து அனுப்பி விட்டோமே!" என்பார்கள். சீர் வேறு, பங்கு வேறு. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தர ஆந்திரா 1985-லேயே சட்டத்தைத் திருத்தியது. அன்று மணமாகாத பெண்களுக்கே அது பொருந்தியது. 2005-இல் நாடு முழுவதும் மகளுக்கு, மணமானாலும் ஆகாவிட்டாலும், மகனைப் போலவே உரிமை வந்தது.

இங்கேதான் ஜாக்கிரதை தேவை. மகளிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து" என்பார்கள். அது விடுதலைப் பத்திரமாக இருக்கும். அதாவது, "என் பங்கை விட்டுக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கும். பதிவாகி விட்டால் பிறகு ரத்துச் செய்வது மிகக் கடினம். நம் ஊரில் பத்திரம் தெலுங்கில் இருக்கும். தமிழ் படிக்கக் கற்றவர்கூட அதைப் படிக்க முடியாமல் போகலாம். இதில் வெட்கம் என்ன? குடும்பச் சண்டையில் சேராத ஒருவரை வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் பொருள் கேளுங்கள். இன்றே போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். இவர்களின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட்டுக் கட்டணமும் நீங்கள் கட்ட வேண்டாம்.

அருகில் உள்ள நீதிமன்றத்துக்குப் போய், சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். மனு எழுத வராவிட்டால் வாயால் சொல்லலாம். அவர்கள் எழுதிக் கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது இறப்புச் சான்றிதழ், உயில், பாஸ் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு போங்கள். மூலப் பத்திரம் வீட்டில் இருக்கட்டும். யாரிடமாவது அதைக் கொடுக்க நேர்ந்தால், கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக் கொள்ளுங்கள்.